தவறணை என்றொரு சொல்: லயத்துத் தமிழும் வகுப்பறையும்

(வட்டவளையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பஞ்செய்த வடிவம். பேச்சில் இடையிடையே சொன்ன சில கிளைக்கதைகளை நீக்கியிருக்கிறேன்.)



நாவலப்பிட்டியில் ரயில் ஏறி இங்குருஓயா, கலபொட என்று மலையேறி வருகிறவர்களுக்குத் தெரியும், வட்டவளை வருவதற்கு முன்பே ஜன்னலை இறக்கிவிட வேண்டும். இலங்கையில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் இதுவும் ஒன்று. நேற்று மாலை அந்த மழைக்குள்தான் இறங்கினேன். நிலையத்தின் பெயர்ப்பலகையில் மூன்று மொழிகள். மேடையில் நின்றவர்களிடமோ அதைவிடக் கூடுதலான மொழிகள் இருந்தன. தோட்டத்துப் பெண்கள் இருவர் ஒரு தமிழ் பேசினார்கள். கடைக்காரர் ஒருவர் முஸ்லிம்களின் தமிழில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். கினிகத்தேனைப் பக்கம் போகிற பிள்ளைகள் சிங்களமும் தமிழும் கலந்து சிரித்தார்கள். அந்த மேடையை அப்படியே தூக்கி நான்கு சுவருக்குள் வைத்தால் இங்குள்ள ஒரு வகுப்பறை ஆகிவிடும்.

பிள்ளையின் வீட்டுமொழியை ஆசிரியர் மதிக்க வேண்டுமா என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். 1953இல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கை தாய்மொழியே கல்விக்குச் சிறந்த வாயில் என்று சொன்னது. அதன் பிறகு எத்தனையோ சுற்றறிக்கைகள், பயிற்சிப் பட்டறைகள். எல்லாம் மதிக்கச் சொல்கின்றன. மதிப்பு ஓர் ஆசிரியரின் மனத்துக்குள் எந்த வழியாக வந்து சேர்கிறது என்பதை அவை சொல்வதில்லை. இன்றைய என் பேச்சு அந்த வழியைப் பற்றியது.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர்களாகிய நாம் நாள் முழுவதும் கேள்வி கேட்கிறோம். ஏறக்குறைய எல்லாமே நமக்கு விடை தெரிந்த கேள்விகள். விடை தெரியாத ஒரு கேள்வியை உண்மையாகவே ஒரு பிள்ளையிடம் கேட்கும் நாளில்தான் அந்தப் பிள்ளையின் மொழிக்கு நம்மிடம் மதிப்புப் பிறக்கிறது. நாற்பது ஆண்டு ஆசிரியப் பணியில் நான் கண்டது இது.

1. ஒரு கட்டுரைக் கொப்பி

எழுபதுகளின் தொடக்கம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டு, டவுன் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன். 'எனது குடும்பம்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் எழுதினேன்: எனது அம்மா தவறணையில் வேலை செய்கிறார். சில நாள் இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருவார்.

எங்கள் ஆசிரியர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அங்கே தவறணை என்றால் கள் விற்கும் இடம். கொப்பியைப் படித்தவர் வகுப்பில் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் என்னைத் தனியே கூப்பிட்டு, "நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா" என்றார். அம்மா அரைநாள் கூலியான அரைப்பேரை விட்டுவிட்டு வந்தார். சார் நேரே கேட்கக் கூச்சப்பட்டு, "வேற வேலை ஒண்டும் கிடைக்கேல்லையோ அம்மா?" என்று சுற்றி வளைத்துக் கேட்டார். அம்மாவுக்கு விளங்கவில்லை. "வேற வேல எதுக்குங்க சார்? தவறணதான் எனக்கு லேசு. கன்னுக்குத் தண்ணி ஊத்துறது, பந்தல் போடுறது, மண்ணு ரொப்புறது. மல ஏறத் தேவயில்ல."

சார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "என்ன கன்று?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் இன்றுவரை மறக்கவில்லை. அவர் முகத்தில் இருந்த சங்கடம் அப்போதுதான் கலைந்தது. அந்தச் சனிக்கிழமை அவர் எங்கள் தோட்டத்துக்கு நடந்து வந்தார். நிழல் பந்தலுக்குக் கீழே, ஒற்றை இலையும் கணுவுமாக வெட்டிய தேயிலைத் துண்டுகள் மண் நிறைத்த பைகளில் வேர்விட்டு நிற்பதைப் பார்த்தார். எந்தக் கன்று பிழைக்கும், எது பிழைக்காது என்பதை இலையின் முகத்தைப் பார்த்தே அம்மா சொன்னதைக் கேட்டார். திங்கட்கிழமை கரும்பலகையில் பெரிதாக எழுதினார்: தவறணை. கீழே இரண்டு வரி: வடக்கில், கள் விற்கும் இடம். மலையில், தேயிலை நாற்று வளர்க்கும் இடம். எழுதிவிட்டு எங்களைப் பார்த்து, "எனக்குத் தெரியாத சொல் இன்னும் என்னென்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

வகுப்பே கொட்டித் தீர்த்தது. பீலி, பெரட்டு, இஸ்தோப்பு, கவ்வாத்து, மட்டக்கம்பு, படங்கு, பிள்ளைக்காம்பரா. பாடப்புத்தகத்தில் வீட்டுக்கு வீடு கிணறு இருந்தது. எங்களில் பலர் கிணற்றைப் பார்த்ததே இல்லை, மலையிலிருந்து வடியும் நீரைத் தகரம் வைத்துப் பிடிக்கும் பீலியில்தான் குளித்தோம், குடித்தோம். அதைச் சொன்னோம். அவர் தமது நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். ஒரு பெரியவர் நாங்கள் சொன்னதை எழுதிக்கொள்வதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தோம்.

நாற்றுமேடைக்குச் சிங்களத்தில் 'தவான' என்பார்கள். எங்கள் தவறணைக்கும் அதற்கும் உள்ள ஒலி ஒற்றுமையைப் பின்னாளில் கவனித்தேன். காம்பரா போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். பெரட்டு ஆங்கிலப் படையணி வரிசையின் பெயர். இந்த மலையில் யார் யார் வந்தார்கள், யார் யாருக்கு வேலை செய்தோம் என்கிற வரலாறு முழுவதும் ஒரு நாலாம் வகுப்புப் பிள்ளையின் வாய்க்குள் இருக்கிறது.

2. 'இங்கே வா'

இங்கே என் வாதத்துக்கு எதிராக ஒரு சான்றை நானே வைக்க வேண்டும். லயத்துத் தமிழை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் பேசும் தமிழை, தேடிப் படித்தவர்கள் எங்கள் ஆசிரியருக்கு வெகுகாலம் முன்பே இருந்தார்கள். தோட்டங்களை நடத்திய வெள்ளைத் துரைமார்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் ஒரு சிறிய நூல் அச்சாகிப் பல பதிப்புகள் கண்டது. ஏ. எம். பெர்குசன் தொகுத்தது. அதன் பெயர் 'இங்கே வா'. சின்னத்துரைமார் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் தமிழ் வழிகாட்டி. 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பவர் 'கூலித் தமிழ்' என்ற பெயரிலேயே இன்னொரு நூல் எழுதினார். சீமையிலிருந்து வந்த இளைஞர்கள் இவற்றை வைத்துக்கொண்டு தமிழ் பழகினார்கள். இலக்கணப் பண்டிதர்கள் ஏறெடுத்தும் பாராத லயத்துப் பேச்சை முதன்முதலில் அக்கறையாகத் தொகுத்து அச்சிட்டவர்களில் அவர்களும் உண்டு.

அதே காலத்தில் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது? 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், ஆறு வயது முதல் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமீது வைத்தது. சட்டப் புத்தகத்தில் தாய்மொழி இருந்தது. தோட்டத்தில் இருந்ததோ பல இடங்களில் ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிக்கூடங்கள் அந்தக் குடைக்கு வெளியேதான் நின்றன. தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், எழுபதுகளின் பிற்பாதியிலிருந்துதான் அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது.

துரைக்கு எங்கள் மொழி தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததால் எங்களுக்கு மதிப்புக் கிடைத்ததா? நூலின் தலைப்பே ஏவல்வினை. கொழுந்து எடு, கூடையைக் காட்டு, நெரை பிடி, இங்கே வா. ஏவுவதற்காக ஒரு மொழியைக் கற்றவர் அந்த மொழியில் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆகையால் வீட்டுமொழி ஆசிரியருக்குத் தெரிந்தால் போதும் என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. பிள்ளையின் மொழியில் அதட்டும் ஆசிரியர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "ஏய், இங்க வாடா" என்பது நல்ல லயத்துத் தமிழ்தான்.

3. லயத்திலிருந்து வந்த ஆசிரியர்

இந்தப் பகுதியைச் சொல்வதுதான் எனக்குக் கடினம்.

மலையகப் பிள்ளைகளுக்கு மலையகத்து ஆசிரியர்களே வேண்டும் என்பது எங்கள் தலைமுறையின் கோரிக்கை. அது நியாயமானது, ஓரளவு நிறைவேறியும் இருக்கிறது. ஜெர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. பின்னர் ஆசிரிய உதவியாளர் நியமனங்கள் வந்தன. இன்று தோட்டப் பாடசாலைகளில் கற்பிப்பவர்களில் பெரும்பாலோர் லயத்தில் பிறந்தவர்கள். லயத்தில் பிறந்தவருக்கு லயத்து மொழிமீது மதிப்பு தானாக இருக்கும் என்று நம்பினோம். அந்த நம்பிக்கை பிழை என்பதற்கு முதல் சாட்சி நான்.

நாங்கள் படித்து வெளியேறியவர்கள். 'தோட்டக்காட்டான்' என்று பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் கேட்டுக் கேட்டு, வாயைத் திறந்தால் தெரிந்துவிடுமே என்று பயந்து, வாயையே மாற்றிக்கொண்டவர்கள். விடுதியில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளோடு இருந்தால் 'கதைப்போம்'. ஊருக்கு வந்தால் 'பேசுவோம்'. ஆசிரியரானதும் அந்தப் பயத்தைக் கையோடு வகுப்பறைக்குக் கொண்டுபோனோம். பிள்ளைகள் நம்மைப் போல் அவமானப்படக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். அதன் பேரால் முதல் அவமானத்தை நாங்களே கொடுத்தோம்.

என் முதல் நியமனத்தில் இரண்டாம் வகுப்பு. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஒரு சிறுமி எழுந்து, "அம்மா, அப்பா, அப்பாயி" என்றாள். "அப்பாயி என்று சொல்லக் கூடாது. பாட்டி என்று சொல்" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "எங்களுக்குப் பாட்டி இல்லீங்க சார். அப்பாயிதான் இருக்காங்க" என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை என் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

அவள் சொன்னது சரி என்பது எனக்குப் புரிய நாளானது. பாடப்புத்தகப் படத்தில் ஊஞ்சலில் அமர்ந்து கதை சொல்லும் பாட்டி வேறொருத்தி. அவள் வீட்டில் இருந்தவர், முதுகு வளைந்தபோதும் விறகுக்கட்டோடு மலை இறங்கி வருபவர், அப்பாவைப் பெற்றவர், அப்பாயி. ஒரு மாதம் கழித்துப் பிள்ளை நாலு நாள் வராமல் போகவே லயத்துக்குப் போனேன். காய்ச்சல். லயத்து முன்திண்ணையான இஸ்தோப்பில் அப்பாயி என்னை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து தம் பாட்டனார் நடந்து வந்த கதையைச் சொன்னார். நான் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. "மழ விடாது சார். கொங்காணி போட்டுட்டுப் போங்க" என்று ஒரு கம்பளியை மடித்து என் தலையில் கவிழ்த்தார்.

கொங்காணி. என் அம்மா சொன்ன சொல். பதினைந்து ஆண்டாக நான் சொல்லாத சொல். கம்பளியை எந்தப் பக்கமாக மடிப்பது என்பதுகூட எனக்கு மறந்துபோயிருந்தது. "எப்படி மடிக்கணும் அப்பாயி?" என்று கேட்டேன். உள்ளே படுத்திருந்த சிறுமி எழுந்து வந்து, என் தலையிலிருந்து எடுத்து, தானே மடித்துக் காட்டினாள். அடுத்த வாரம் வகுப்பில் அவள் மறுபடி பேசினாள்.

வெளியூரிலிருந்து வந்த ஆசிரியருக்குத் தெரியாததால் கேள்வி பிறந்தது. லயத்திலிருந்து வந்த ஆசிரியருக்கோ மறைத்ததைத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டாவதுதான் பெரிய மலை.

பிள்ளை ஏறும் மலையும் சிறிதல்ல. சார்ல்ஸ் பெர்குசன் என்ற மொழியியலாளர் 1959இல் 'இரட்டை வழக்கு' பற்றி எழுதியபோது, பேச்சுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என்று இயங்கும் மொழிகளில் தமிழும் அடங்கும் என்று குறிப்பிட்டார். நம் பிள்ளைக்கு அந்த இரண்டோடு முடியவில்லை. லயத்துப் பேச்சு ஒன்று. வானொலியிலும் அலுவலகத்திலும் கேட்கும் இலங்கைப் பேச்சு ஒன்று. புத்தகத் தமிழ் ஒன்று. சிங்களமும் ஆங்கிலமும் அதன் பிறகு. ஆறு வயதில் இத்தனைக்கும் நடுவே வழி கண்டுபிடித்து நடக்கிற பிள்ளையை 'மொழி தெரியாத பிள்ளை' என்று நாம் மதிப்பெண் பதிவேட்டில் எழுதுகிறோம்.

4. தாத்தா யார்?

சில ஆண்டுகளுக்கு முன் இந்த மலைச்சரிவிலுள்ள ஒரு பாடசாலையில் இளம் ஆசிரியை ஒருவரின் வகுப்பைப் பார்வையிட்டேன். 'தாத்தா சந்தைக்குப் போனார்' என்று ஒரு வாசிப்புப் பாடம். படம் வரையச் சொன்னார். ஒரு பிள்ளை நரைத்த கிழவரை வரைந்தான். இன்னொரு பிள்ளை மீசை வைத்த இளைஞரை வரைந்தாள். முக்காடிட்ட இளம்பெண்ணை வரைந்தாள் மூன்றாவது பிள்ளை.

ஆசிரியை முதலில் கடைசிப் பிள்ளையைத் திருத்தத்தான் வாயெடுத்தார். ஏனோ நிறுத்திக்கொண்டு, "இது யாரும்மா?" என்று கேட்டார். "எங்க தாத்தா மிஸ். டவுன்ல தைக்கிற கடையில இருக்காங்க." முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்று அழைப்பதுண்டு. இரண்டாவது பிள்ளையின் அப்பா சிங்களவர். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. ஒரே சொல்லில் மூன்று தலைமுறை, மூன்று வீடு. அந்த ஆசிரியை பாடத்தை அப்படியே விட்டுவிட்டு, உங்கள் வீட்டில் யாரை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று ஆரம்பித்தார். நாற்பது நிமிடப் பாடம் எழுபது நிமிடம் ஓடியது. அப்பாயி, அம்மாயி, அம்மம்மா, வாப்பா, உம்மா, அம்மே, நங்கி என்று பலகை நிறைந்தது. வழக்கமாகத் தூங்கும் கடைசி வாங்கு அன்றைக்கு எழுந்து நின்றது.

பார்வையிட வந்தவன் என்ற முறையில் நான் எழுத வேண்டிய படிவத்தில் 'பாட இலக்கு எட்டப்பட்டதா' என்று ஒரு கட்டம் இருந்தது. எட்டப்பட்டது என்று எழுதினேன். வாசிப்புப் பாடத்தின் இலக்கு சொல்லுக்குப் பொருள் காண்பது. அந்த வகுப்பு அன்றைக்கு ஒரு சொல்லுக்கு மூன்று பொருள் கண்டது.

நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் 1963இல் தம் அனுபவத்தை நூலாக எழுதினார். அச்சிட்ட வாசிப்புப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளையிடமும் இன்றைக்கு உனக்கு என்ன சொல் வேண்டும் என்று கேட்டு, அதை அட்டையில் எழுதிக் கையில் கொடுத்தவர் அவர். பிள்ளை கேட்டு வாங்கிய சொல்லை ஒருமுறை பார்த்தாலே வாசித்தது. நம் ஆசிரியை அந்த நூலைப் படித்தவரல்லர். ஒரு கணம் நிறுத்தி "இது யாரும்மா?" என்று கேட்டதில் அவரும் அதே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

சிறிய சொற்கள்தான் பெரிய காயம் உண்டாக்குகின்றன. "டீச்சர் எங்கிட்ட பேசுனாங்க" என்று ஒரு பிள்ளை பூரித்துச் சொல்கிறது. வடக்கில் 'பேசினார்' என்றால் ஏசினார் என்று பொருள். அங்கிருந்து வந்த அதிபர் அதைக் கேட்டு அந்த ஆசிரியையை அழைத்து விசாரித்தார். இது நடந்தது. யார்மீதும் குற்றமில்லை. ஒருவருக்கொருவர் கேட்டுத் தெரிந்துகொள்ளாத இரண்டு தமிழ் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

5. அரைப்பேரு

வீட்டுமொழி என்றால் மொழிப் பாடத்துக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடக் கூடாது. கணிதத்தில் பின்னம் கற்பிக்கும்போது ஆப்பிளை வெட்டுகிறோம். இங்கே பிள்ளைகள் ஆப்பிளைப் படத்தில்தான் அதிகம் கண்டவர்கள். ஆனால் பின்னம் அவர்களுக்கு முன்பே தெரியும். அம்மா எடுத்த கொழுந்து நிர்ணயித்த நிறைக்கு வராவிட்டால் அன்று அரைப்பேரு. இரண்டு அரைப்பேரு சேர்ந்தால் ஒரு பேரு, அதாவது ஒரு நாள் கூலி. மாதம் இத்தனை பேரு விழுந்தால் கைக்கு இவ்வளவு. எட்டு வயதுப் பிள்ளை இதை விரல் விட்டுச் சொல்லும்.

ஓர் ஆசிரியர் பின்னப் பாடத்தை அரைப்பேரில் தொடங்கியதை நான் கண்டேன். பலகையில் ஒரு கிழமையின் செக்ரோலை, அதாவது பேரு பதியும் ஏட்டை, வரைந்து, இந்த அம்மாவுக்கு எத்தனை பேரு என்று கேட்டார். கைகள் எல்லாம் உயர்ந்தன. அடுத்து, "கால்பேரு உண்டா?" என்று கேட்டார். வகுப்பு ஒரே குரலில் இல்லை என்றது. "ஏன் இல்லை?" இந்தக் கேள்விக்கு விடை ஆசிரியருக்கும் தெரியாது, பாடநூலிலும் இல்லை. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க் கேட்டு வந்தார்கள். கணிதத்தில் தொடங்கியது கூலியைப் பற்றிய பேச்சாக வளர்ந்தது.

எச்சரிக்கையும் வேண்டும். அரைப்பேரு என்ற சொல்லில் பின்னம் மட்டும் இல்லை. முழங்கால் வலியோடு தன் தேயிலை வரிசையான நெரையை முடித்தும் நிறை காணாமல் திரும்பிய ஓர் அம்மாவின் இரவும் இருக்கிறது. அந்தச் சொல்லை எடுக்கும் ஆசிரியர் அதற்குள் இருப்பதையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். பரிசளிப்பு விழாவில் லயத்துத் தமிழைக் கோமாளி வேடத்துக்கு மட்டும் பேசவைக்கும் நாடகங்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு எரிகிறது. சிரிக்கவைப்பதற்காக எடுத்த சொல்லைப் பிள்ளை வகுப்பில் எப்படி நிமிர்ந்து சொல்லும்?

6. கதவைச் சாத்திக்கொண்டு பேசும் மொழி

லயத்துத் தமிழுக்கும் அடியில் இன்னொரு அடுக்கு உண்டு. அதைப் பற்றி மேடைகளில் நாம் பேசுவதில்லை. சில தோட்டங்களில், சில லயங்களில், வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் அருந்ததியர் குடும்பங்கள். பிள்ளைகள் அந்த மொழியை வாசற்படியோடு நிறுத்திவிடுகிறார்கள். வகுப்பில் ஒரு தெலுங்குச் சொல் தவறி விழுந்தால் சாதி தெரிந்துவிடும் என்ற பயம். தோட்டக்காட்டான் என்று எங்களைச் சொன்னவர்களைப் பற்றி நாம் மணிக்கணக்கில் பேசுவோம். அதே லயத்தில் அடுத்த காம்பராவை நாம் எப்படி நடத்தினோம் என்பதற்கு வரும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது.

இந்தப் பிள்ளைகளிடம் "உன் வீட்டில் என்ன மொழி?" என்று எல்லோர் முன்னிலும் கேட்பது கொடுமை. நான் சொல்லும் கேள்விக்கும் இடம், நேரம் உண்டு. முதலில் ஆசிரியர் தம் வகுப்பில் எந்தச் சொல்லும் சிரிப்புக்கு உள்ளாகாது என்று பல மாதம் நடந்து காட்ட வேண்டும். அதன் பிறகு பிள்ளை தானாகவே கொண்டுவரும், அல்லது கொண்டுவராது. கொண்டுவராவிட்டால் அந்த உரிமையும் பிள்ளைக்குரியது.

ஆனால் பிள்ளையின் மொழியை அறிந்துகொள்ளும் கடமை பள்ளிக்கூடத்தின் பக்கம் இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்ற நகரில், கறுப்பினப் பிள்ளைகள் சிலரின் தாய்மார் பள்ளி நிர்வாகத்தின்மீது வழக்குத் தொடுத்தார்கள். 1979இல் நீதிபதி சார்ல்ஸ் ஜாய்னர் தீர்ப்பளித்தார். பிள்ளைகள் வீட்டில் பேசும் ஆங்கிலத்தை அவர் குறையாகக் காணவில்லை. அதை அறியாமல் ஆசிரியர்கள் கொண்டிருந்த மனப்பாங்கே வாசிக்கக் கற்பதற்குத் தடையாகலாம் என்று கண்டு, ஆசிரியர்கள் அந்த மொழியை அறிந்துகொள்ள நிர்வாகம் திட்டம் வகுக்க வேண்டும் என்று ஆணையிட்டார். தாய்மார் தொடுத்த வழக்கு என்பதை இங்கே பின்வரிசையில் இருக்கும் தாய்மாருக்காகச் சொல்கிறேன்.

7. "நல்ல தமிழ் சொல்லிக் குடுங்க சார்"

பெற்றோர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான். "நாங்க பேசுறதையே நீங்களும் பேசுனா, புள்ளய எதுக்குங்க பள்ளிக்கூடம் அனுப்புறோம்?" இதை அறியாமை என்று ஒதுக்க நான் தயாரில்லை. புலமைப்பரிசில் பரீட்சையும் சாதாரண தரமும் புத்தகத் தமிழில்தான் வருகின்றன. அதைப் பிள்ளைக்குக் கொடுக்காத ஆசிரியர், எத்தனை அன்பானவராக இருந்தாலும், பிள்ளையைத் தோட்டத்தில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கே திருப்பி அனுப்புகிறார்.

எழுத்துத் தமிழைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. எங்கள் யாழ்ப்பாணத்துச் சார் தவறணையைப் பலகையில் எழுதிய அதே ஆண்டில்தான் எனக்கு வல்லின மெல்லினமும் ஒருமை பன்மையும் பிழையறக் கற்றுக்கொடுத்தார். என் சொல்லை அவர் எழுதிக்கொண்டதால் அவர் சொல்லை நான் எழுதிக்கொண்டேன்.

லயத்துச் சொல்லையும் படித்த மொழியையும் சேர்த்தே கைக்கொள்ளலாம் என்று நம் முன்னோடிகள் செய்துகாட்டியிருக்கிறார்கள். மடக்கொம்பரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் கவிதை எழுதிப் பெயர் பெற்றவர். 1947இல் தலவாக்கலைப் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றவர். அடுத்த ஆண்டு வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவரை அனுப்பிய மக்களையே நாடற்றவர்கள் ஆக்கியது. அத்தனை உயரமும் வீழ்ச்சியும் கண்ட மனிதர் லயம் லயமாகக் கேட்டுத் தொகுத்தவை தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்துப் பாட்டும். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் நூலாயிற்று. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். இங்கிருந்து சிறிது தூரத்தில், ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் கற்பித்த ஒரு தலைமுறை, தான் யார் என்பதைத் தலைநிமிர்ந்து சொல்லவும் எழுதவும் கற்றது. எழுத்தாளர் என். எஸ். எம். ராமையா தம் புகழ்பெற்ற கதைக்கு 'ஒரு கூடைக் கொழுந்து' என்று பெயர் வைத்தார். இந்தச் சொற்கள் இலக்கியத்துக்குள் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. வகுப்பறையின் வாசலில்தான் இன்னும் நிற்கின்றன.

ஆசிரியர்களிடம் நான் வேண்டுவது மிகச் சிறியது. பிள்ளையின் முதல் எழுத்துப்படியில் சிவப்பு மையைத் தொடாதீர்கள். தெரியாத சொல்லின் கீழே பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் 'இது என்ன? எனக்குச் சொல்' என்று எழுதுங்கள். வகுப்புக்கு ஒரு சொற்கொப்பி வையுங்கள். பிள்ளை கொண்டுவரும் சொல், அதைச் சொன்னவர் யார், எந்தத் தோட்டம், புத்தகத் தமிழில் என்ன, சிங்களத்தில் என்ன என்று ஐந்து பத்தி போதும். புத்தகத் தமிழ்ப் பத்தி சில சொற்களுக்கு வெறுமையாகவே இருக்கும். அந்த வெற்றிடங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

அப்படி ஒரு கொப்பியை நான் இன்று கொண்டுவந்திருக்கிறேன். வாசலுக்குப் பக்கத்து மேசையில், பென்சிலோடு இருக்கிறது. முதல் பக்கத்தில் தவறணை, கொங்காணி, அரைப்பேரு, அப்பாயி, தாத்தா என்று ஐந்து சொல் எழுதி வைத்திருக்கிறேன். தாத்தாவுக்கு மட்டும் மூன்று வரி விட்டிருக்கிறேன். நீங்கள் போகும்போது உங்கள் வீட்டுச் சொல் ஒன்றை அதில் எழுதிவிட்டுப் போக வேண்டும். எழுதத் தெரியாத அம்மாமார் பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம் சொல்லுங்கள், பிள்ளை எழுதட்டும். பெயர் போட வேண்டியதில்லை. தெலுங்குச் சொல்லுக்கும் அதில் இடம் இருக்கிறது.